உருவகத்தில் சொல்லாமல் விட்ட உறுப்பு

ஒரு பாட்டில் உருவகம் ஓரடியோடு நின்றுவிடாமல் பாட்டு முழுவதும் கிளைத்துச் செல்லும்போது, அதற்குப் பொருள் காண நாம் பள்ளியில் கற்றுக்கொண்ட வழி ஒன்று உண்டு. இடப்பக்கம் உருவகப் பொருள்களையும் வலப்பக்கம் அவை குறிக்கும் பொருள்களையும் எழுதிக் கோடு போட்டு இணைத்துவிட்டால் விளக்கம் முடிந்தது என்று கொள்வோம். தேர்வுத்தாளுக்கு இது போதும். ஆனால் பாட்டைப் படித்தவராக நாம் அந்த இடத்தில் எழுந்து போய்விட்டால், புலவர் நமக்காக விட்டுவைத்திருப்பதைத் தொடாமலே போகிறோம். பொருத்தங்களைப் பெரும்பாலும் பாட்டே நமக்குச் சொல்லிவிடுகிறது. பாட்டு சொல்லாமல் விட்ட உறுப்பு எது, அதைக் கேட்டு நிற்கும் வினைச்சொல் எது என்று தேடும்போதுதான் வாசிப்பு தொடங்குகிறது என்பது என் எண்ணம். நெடுநாளாகத் திரும்பத் திரும்பப் படித்துவரும் சில பாட்டுகளை வைத்து அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் அப்பர் பெருமானின் உழவுப் பாட்டு. நான்காம் திருமுறையின் 76ஆம் பதிகத்தில் வருவது.

மெய்ம்மையாம் உழவைச் செய்து விருப்பெனும் வித்தை வித்திப்
பொய்ம்மையாம் களையை வாங்கிப் பொறையெனும் நீரைப் பாய்ச்சித்
தம்மையும் நோக்கிக் கண்டு தகவெனும் வேலி இட்டுச்
செம்மையுள் நிற்ப ராகில் சிவகதி விளையும் அன்றே

மெய்ம்மை உழவு, விருப்பம் விதை, பொய்ம்மை களை, பொறுமை நீர், தகுதி வேலி, சிவகதி விளைச்சல் என்று பொருத்தங்கள் எல்லாம் பாட்டிலேயே வெளிப்படையாக நிற்கின்றன. உரைகாரர் ஒருவர் வந்து சொல்லவேண்டிய தேவையே இல்லை. ஆனால் ஓர் உழவர் இதைக் கேட்டால் முதலில் என்ன கேட்பார்? நிலம் எங்கே என்றுதான் கேட்பார். உழுவதும் விதைப்பதும் நீர் பாய்ச்சுவதும் வேலி கட்டுவதும் ஒரு நிலத்தில் நடக்கவேண்டிய செயல்கள். அந்த நிலத்துக்கு இந்தப் பாட்டில் பெயர் இல்லை. ‘உள்ளமெனும் நிலம்’ என்றோ ‘உடம்பெனும் கழனி’ என்றோ ஒரு தொடரை அமைப்பது அப்பருக்கு அரிதன்று. அதை அவர் செய்யவில்லை.

இப்போது மூன்றாம் அடியைப் பார்க்கவேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் ‘ஆம்’ என்றும் ‘எனும்’ என்றும் உருவகத்தைக் கட்டிக்கொண்டே வந்தவர், ‘தம்மையும் நோக்கிக் கண்டு’ என்ற இடத்தில் மட்டும் உழவுப் பொருள் எதையும் வைக்காமல் நேரடியாகப் பேசுகிறார். உழவுத் தொழிலில் அந்த இடத்தில் நடப்பது என்ன? பயிர் வளரும்போது உழவர் வயலுக்குப் போய்ப் பார்த்து வருவது. ‘செல்லான் கிழவன் இருப்பின்’ நிலம் மனைவியைப் போல ஊடிவிடும் என்று குறள் சொல்வதும் அந்தப் பார்வையைப் பற்றித்தான். வயலைப் பார்க்கவேண்டிய இடத்தில் ‘தம்மை’ப் பார்க்கச் சொல்கிறார் அப்பர். காணாமல் போயிருந்த நிலம் அங்கே கிடைத்துவிடுகிறது: உழுபவரே நிலம். அந்த ஓர் உறுப்பை உருவகமாகச் சொல்லாமல் விட்டதனால்தான், படிப்பவர் வயலைத் தேடிப் போய்த் தம்மிடமே வந்து சேர்கிறார்.

இன்னொன்றும் இதில் என் மனத்தைக் கவர்வது. உழவு அதிகாரத்தில் ‘ஏரினும் நன்றால் எருவிடுதல் கட்டபின் நீரினும் நன்றதன் காப்பு’ என்கிறது குறள். உழுதல், எருவிடுதல், களை எடுத்தல், நீர் பாய்ச்சல், காத்தல் என்பது அங்கே வரிசை. அப்பர் பாட்டில் எருவின் இடத்தில் விதை வருகிறது. மற்றபடி களைக்குப் பின் நீர், நீருக்குப் பின் காவல் என்ற அடைவு மாறவில்லை. அதாவது அப்பர் பண்புகளின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் உழவுப் பொருளை ஒட்டவில்லை. வயலில் வேலை நடக்கும் முறையிலேயே பாட்டை நடத்துகிறார். ஆகவே பொய்ம்மையைக் களைந்த பின்பே பொறுமை என்னும் நீரைப் பாய்ச்சவேண்டும் என்ற முறையும் பொருளாகிறது. களையோடு சேர்த்து நீர் பாய்ச்சினால் களையும் செழிக்கும் என்பது வயலை அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நீண்ட உருவகத்தில் உறுப்புகளின் வரிசையும் ஓர் உறுப்பு என்று இந்தப் பாட்டிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

நம் அணியிலக்கணம் இந்த வகைகளை நன்றாக அறிந்திருந்தது. தண்டியலங்காரம் உருவகத்தைப் பல வகைகளாகப் பிரித்து, உறுப்பையும் உறுப்புடைய முழுப்பொருளையும் ஒருசேர உருவகம் செய்வதை முற்றுருவகம் என்றும், உறுப்பை மட்டும் செய்வதை அவயவ உருவகம் என்றும், முழுப்பொருளை மட்டும் செய்வதை அவயவி உருவகம் என்றும் பெயரிட்டுத் தருகிறது. ஒன்றை உருவகம் செய்து அதனோடு தொடர்புடைய மற்றொன்றைச் செய்யாமல் விடுவதை ஏகதேச உருவகம் என்று வழங்குகிறோம். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்ற குறளை இதற்கு எடுத்துக்காட்டாகப் பலரும் மனப்பாடமாகவே சொல்வார்கள்: பிறவியைக் கடல் என்ற வள்ளுவர் இறைவன் அடியைப் புணை, அதாவது தெப்பம், என்று சொல்லவில்லை, ஆகவே இது ஏகதேசம். வகைப்படுத்தியதோடு பாடம் முடிந்துவிடும். ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வகுப்பில் எழுவது அரிது. அந்தக் குறளில் வினை ‘நீந்துவர்’ என்பது. புணையில் ஏறி அமர்ந்து போகிறவர்களை அந்த வினை குறிக்காது. கை கால்களை அடித்து உழைப்பவர்களைக் குறிக்கும். அடியைச் சேர்ந்தவரும் நீந்தவே வேண்டும் என்று நான் படிக்கிறேன். புணை என்று சொல்லியிருந்தால் அந்த உழைப்பு மறைந்திருக்கும்.

இனி என்னை மிகவும் ஆட்கொண்ட பாட்டுக்கு வருகிறேன். அதுவும் அப்பருடையதே, திருவொற்றியூரில் பாடியது, நான்காம் திருமுறை 46ஆம் பதிகம்.

மனமெனும் தோணி பற்றி மதியெனும் கோலை ஊன்றிச்
சினமெனும் சரக்கை ஏற்றிச் செறிகடல் ஓடும் போது
மதனெனும் பாறை தாக்கி மறியும்போ தறிய வொண்ணா
துனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூ ருடைய கோவே

மனம் தோணி, மதி கோல், சினம் சரக்கு, மதன் பாறை என ‘எனும்’ என்ற சொல்லால் நான்கு பொருத்தங்களைப் பாட்டே தந்துவிடுகிறது. மதன் என்பதைக் காமம் என்று நான் கொள்கிறேன். செருக்கு என்று கொள்ளவும் அச்சொல் இடந்தரும். இந்த நான்கோடு நின்றுவிட்டால், மனத்தை அடக்கு, சினத்தை விடு, காமத்துக்கு அஞ்சு என்ற பொதுவான அறவுரை மட்டுமே கையில் மிஞ்சும். அந்த அறவுரைக்கு இவ்வளவு நல்ல பாட்டு வேண்டியதில்லை.

வினைகளைப் பார்ப்போம். பற்றி, ஊன்றி, ஏற்றி என்ற மூன்று எச்சங்களும் ஒரு கருத்தாவைக் கேட்கின்றன. தோணியைப் பற்றியவர் யார், கோலை ஊன்றியவர் யார், சரக்கை ஏற்றியவர் யார்? தோணிக்காரர் பாட்டில் இல்லை. மனம் ஒரு பக்கமும் மதி ஒரு பக்கமும் பிரிந்து நின்றுவிட்டதால் அவை இரண்டுமே தோணிக்காரர் ஆகமுடியாது. அவற்றுக்கு அப்பால் நின்று அவற்றைக் கருவியாகக் கையாளுகிற ஒருவர் இருக்கிறார். ‘நான்’ என்ற சொல் பாட்டில் எங்கும் வராவிட்டாலும், ‘நல்காய்’ என்று கடைசி அடியில் இரந்து நிற்கும்போது அந்தக் குரல் அவருடையது என்று தெரிகிறது. சினத்தைச் சரக்கு என்றதன் கடுமை அப்போதுதான் உறைக்கிறது. சரக்குத் தானாக வந்து தோணியில் ஏறாது. விலைபோகும் என்று நம்பி, ஆள் வைத்தாவது ஏற்றுகிறோம். சினம் நம்மை வந்து பற்றிக்கொள்கிறது என்பதுதான் நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அப்பரின் உருவகம் அந்தச் சமாதானத்துக்கு இடம் வைக்கவில்லை. அது ஏற்றிக்கொண்ட பொருள், ஆதாயம் கருதி ஏற்றிக்கொண்டது.

அடுத்தது கோல். ஆற்றிலும் உப்பங்கழியிலும் நீர் ஆழம் குறைந்த இடங்களில் நீளமான கழியைத் தரையில் ஊன்றித் தோணியைத் தள்ளிச் செல்வார்கள். ஊன்றுதல் என்றால் ஊன்ற ஓரிடம் வேண்டும். கரையோரத்தில் தரை எட்டும். ஆனால் இந்தத் தோணி ஓடுவது ‘செறிகட’லில். கடலுக்கு மட்டும் அப்பர் ‘எனும்’ போடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அது பிறவி என்றோ உலகம் என்றோ ஆசை என்றோ அவர் சொல்லவில்லை. எது என்று சொல்லாத, ஆழம் காணாத ஒன்றில், தரை எட்டினால் மட்டுமே பயன்படும் கருவியை ஊன்றிக்கொண்டு ஒருவர் போகிறார். மதியின் எல்லை இதைவிடத் துல்லியமாகச் சொல்லப்பட்டு நான் படித்ததில்லை. மதி பயனற்றது என்று அவர் பழிக்கவில்லை. எட்டும் ஆழம் வரையில் அது நல்ல கோல்தான்.

இந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் அடிக்கு வந்தால், ‘மறியும்போது அறிய ஒண்ணாது’ என்ற தொடர் வேறொரு தெளிவோடு நிற்கிறது. தோணி கவிழும்போது கோலும் கையைவிட்டுப் போகும். கோல்தான் மதி; மதி போனபின் அறிதல் ஏது? ஆகவே ‘அறிய ஒண்ணாது’ என்பது அச்சத்தில் சொன்ன வெறும் புலம்பல் அன்று. உருவகத்தின் கணக்குப்படி தவறாமல் வரவேண்டிய முடிவு. அதனாலேயே அவர் அறிவைக் கேட்காமல் உணர்வைக் கேட்கிறார். ‘உனை உன்னும் உணர்வை நல்காய்.’ கருவிகள் எல்லாம் நீரில் போன பிறகும் தோணிக்காரரிடம் மிஞ்சக்கூடியது எதுவோ அதைக் கேட்கிறார். பாறையை விலக்கித் தருமாறு கேட்கவில்லை, தோணி கவிழாமல் காக்குமாறும் கேட்கவில்லை. கவிழும் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த நொடிக்கு வேண்டியதை மட்டும் முன்கூட்டியே இரக்கிறார். இந்தப் பாட்டைப் படித்து நான் கண்கலங்கும் இடம் அது.

இதே பதிகத்தின் முன்பாட்டில் தம்மைக் ‘காம்பிலா மூழை போல’ என்கிறார் அப்பர். மூழை என்பது அகப்பை. காம்பு இல்லாத அகப்பையால் எதையும் முகக்க முடியாது. கருவி இருந்தும் கைக்கு உதவாத நிலையை அங்கே உவமையாகச் சொன்னவர், அடுத்த பாட்டில் அதையே கோலாகவும் கடலாகவும் விரித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நீண்ட உருவகத்துக்கு நல்ல உரை பல நேரங்களில் அதன் பக்கத்துப் பாட்டிலேயே இருக்கும்.

இங்கே ஒரு தடுமாற்றம் நேர்வதற்கு இடமுண்டு. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்றும், அவர் ‘கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே’ என்று பாடியபடியே கல்லின்மேல் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார் என்றும் பெரியபுராணம் சொல்வதை நாம் அறிவோம். அந்தக் கடலையும் இந்தக் கடலையும் ஒன்றாக்கி, தோணிப் பாட்டை வாழ்க்கைக் குறிப்பாகப் படிக்கும் ஆவல் எழுவது இயல்பு. அங்கே கல் மிதந்தது, இங்கே கல் தோணியைக் கவிழ்க்கிறது என்று எதிர்வைத்து மகிழவும் செய்யலாம். எனக்கும் அந்த எதிர்நிலை பிடிக்கும். ஆனால் அது இரண்டு கதைகளைச் சேர்த்துப் பார்க்கும் மகிழ்ச்சி. ஒற்றியூர்ப் பாட்டின் சொற்கள் எதுவும் அதைக் கேட்கவில்லை. பாட்டுக்கு வெளியிலிருந்து வரும் ஒளியை வாங்கிக்கொள்ளலாம், பாட்டின் ஒளியாக அதைச் சொல்லக்கூடாது.

தோணியும் பாறையும் தமிழில் அப்பருக்கு முன்பே சேர்ந்து வந்தவைதான். இரவச்சம் அதிகாரத்தில் ‘இரவென்னும் ஏமாப்பில் தோணி கரவென்னும் பார்தாக்கப் பக்கு விடும்’ என்ற குறளில் பிச்சை கேட்பது தோணி, இருப்பவர் ஒளிப்பது பாறை. கடல் அங்கும் சொல்லப்படவில்லை. வறுமை என்னும் கடல் என்று பரிமேலழகர் அதை வருவித்துக்கொள்கிறார். அந்த அதிகாரத்தில் வேறெதையும் வருவிக்க இயலாது என்பதால் அவர் செய்தது முற்றிலும் சரி. ஆனால் அப்பரின் கடலுக்கு அதே வழியில் ஒரு பெயரை வருவித்துவிட்டால் பாட்டு சுருங்கிவிடும். ஒரே தோணி, ஒரே பாறை, இரண்டிலும் பெயரில்லாத கடல். ஒன்றில் பெயர் வைப்பது உரை, மற்றொன்றில் பெயர் வைக்காமல் விடுவது உரை. முடிவு வினையும் வேறு. குறளில் தோணி ‘பக்கு விடும்’, அதாவது பிளந்துபோகும். அப்பரின் தோணி ‘மறியும்’, கவிழும். பிளந்த தோணியைப் பற்றிச் சொல்ல வள்ளுவருக்கு மேலே ஒன்றுமில்லை, அவர் எச்சரிக்க வந்தவர். கவிழும் தோணியிலிருந்து ஒரு குரல் எழ இடமிருக்கிறது, அப்பர் அந்தக் குரலாக நிற்பவர்.

இன்னோர் இடத்தில் தமிழ் நமக்கு மூன்று விளக்குகளை வைத்திருக்கிறது. பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியைத் தொடங்கும் விளக்கு இது.

வையம் தகளியா வார்கடலே நெய்யாக
வெய்ய கதிரோன் விளக்காகச் – செய்ய
சுடராழி யானடிக்கே சூட்டினேன் சொன்மாலை
இடராழி நீங்குகவே என்று

பூதத்தாழ்வார் இரண்டாம் திருவந்தாதியைத் தொடங்குவது இப்படி.

அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக
இன்புருகு சிந்தை இடுதிரியா – நன்புருகி
ஞானச் சுடர்விளக் கேற்றினேன் நாரணற்கு
ஞானத் தமிழ்புரிந்த நான்

அப்பர் ஏற்றுவது மூன்றாவது.

உடம்பெனும் மனைய கத்துள் உள்ளமே தகளி யாக
மடம்படும் உணர்நெய் யட்டி உயிரெனும் திரிம யக்கி
இடம்படு ஞானத் தீயால் எரிகொள இருந்து நோக்கில்
கடம்பமர் காளை தாதை கழலடி காண லாமே

திருக்கோவலூரில் ஓர் இடைகழியில் மழை இருளில் முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்றபோது நான்காவதாக ஒருவர் நெருக்கியதை உணர்ந்து, அவர் யாரென்று காண இவற்றில் முதலிரண்டு விளக்குகளை ஏற்றினார்கள் என்பது வைணவ மரபு. பொய்கையாழ்வாரின் விளக்கு வெளியுலகம், பூதத்தாழ்வாரின் விளக்கு அகம் என்று பெரியவர்கள் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். அதற்கு மேல் நான் சொல்ல விரும்புவது திரியைப் பற்றி. பொய்கையாழ்வாரின் விளக்கில் தகளி, அதாவது அகல், இருக்கிறது, நெய் இருக்கிறது, சுடர் இருக்கிறது, திரி இல்லை. கதிரவன் திரியின்றி எரிவதால் அது வேண்டியதில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் அடுத்த அந்தாதி ‘சிந்தை இடுதிரியா’ என்று அந்த உறுப்பையே கொண்டுவந்து வைக்கும்போது, இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவரும் மரபில் அந்த வேறுபாடு பேசத் தொடங்குகிறது. எரிந்து தேய்வது திரி. உலகத்தை விளக்காகக் கண்டவருக்குத் தம்மிடமிருந்து எதையும் எரியக் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. அன்பை விளக்காகக் கண்டவர் தம் சிந்தையையே இடவேண்டியிருக்கிறது. அப்பர் இன்னும் ஒருபடி போய் உயிரையே திரியாக இடுகிறார்.

பொய்கையாழ்வாரின் பாட்டில் வேறொரு திருப்பம். விளக்கைக் கட்டி முடித்தவர் அதை ஏற்றுவதாகச் சொல்லவில்லை. ‘சூட்டினேன் சொன்மாலை’ என்கிறார். விளக்கு என்று தொடங்கிய உருவகம் மாலையாக முடிகிறது. நீண்ட உருவகங்கள் இப்படி நடுவில் தடம் மாறுவதைக் குறையாகக் காண்பவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. விளக்கும் அவர் சொல்லில் எழுந்ததே, மாலையும் சொல்லே. தாம் செய்தது ஒரு பாட்டு என்பதை அந்த இடத்தில் அவர் மறைக்காமல் வெளியே சொல்கிறார். கடைசியில் ‘இடராழி நீங்குக’ என்று துன்பத்தைக் கடலாக்குகிறார். கடலைத்தான் முதலடியில் நெய்யாக வார்த்தார். விளக்கு எரிய எரிய நெய் குறையும் அல்லவா?

இப்படித் தேடத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி நியாயமானது. அப்பரின் விளக்கைப் பற்றி ஒருவர், உடம்பு என்னும் வீடு இல்லாவிட்டால் காற்றில் விளக்கு அணைந்துவிடும், ஆகவே உடம்பைப் பேணவேண்டும் என்பதே கருத்து என்று சொல்லலாம். கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் பாட்டில் காற்று இல்லை. காற்றைக் கேட்கும் வினையும் இல்லை. ‘இருந்து நோக்கில்’ என்பதுதான் அங்கே உள்ள வினை. வீடு இருப்பது உட்கார்ந்து பார்ப்பதற்கு. நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுதான்: விடுபட்ட உறுப்பைப் பாட்டின் வினையே கேட்கவேண்டும். உழுதல் நிலத்தைக் கேட்கிறது, ஊன்றல் தரையைக் கேட்கிறது, ஏற்றுதல் ஏற்றியவரைக் கேட்கிறது. வினை கேட்காததை நான் கேட்டால் அது என் கற்பனை. அதில் குற்றமில்லை, ஆனால் புலவர் தலையில் அதைக் கட்டக்கூடாது. பொய்கையாழ்வாரின் திரியை எந்த வினையும் கேட்கவில்லை என்பதால்தான் அதைப் பற்றி நான் அடுத்த பாட்டின் துணையோடு மட்டும் பேசினேன்.

வினைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்கு வள்ளுவரே துணை. ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும் இந்நோய்’ என்ற குறளில் பூ என்ற சொல்லே இல்லை. அரும்புதல், போதாதல், மலர்தல் என்ற மூன்று நிலைகள் மட்டுமே ஒரு நாள் முழுவதையும் ஒரு செடியின்மேல் ஏற்றிவிடுகின்றன. காலையில் அது அரும்பளவில் நிற்பதற்கு, கனவில் தலைவனோடு கூடியதை நினைந்து தலைவி ஆற்றியிருப்பதைக் காரணமாகப் பரிமேலழகர் காட்டுவது, உரை என்பது எவ்வளவு நுட்பமான கலை என்பதற்குச் சான்று. மாலையில் மலர்வது முல்லை, முல்லை காத்திருத்தலின் பூ, ஆகவே இந்நோய் முல்லைதான் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன், வற்புறுத்தவும் மாட்டேன்.

உருவகத்துக்கு நெருங்கிய உறவான உள்ளுறை உவமத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. அங்கே ‘எனும்’ இல்லை, ‘போல’ இல்லை. நிலத்தில் நடக்கும் ஒரு காட்சி மட்டும் இருக்கும். ‘உள்ளுறுத்து இதனொடு ஒத்துப்பொருள் முடிக’ என்று புலவர் கருதி வைத்ததே உள்ளுறை என்று தொல்காப்பியம் சொல்கிறது. தெய்வத்தை ஒழித்த ஏனைக் கருப்பொருள்களையே, அதாவது அந்தந்த நிலத்துக்குரிய விலங்கு, மரம் போன்றவற்றையே, அதற்கு நிலைக்களனாகக் கொள்ளவேண்டும் என்று எல்லையும் வகுக்கிறது. குறுந்தொகை 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ‘கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’ என்கிறார். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே உதிரும் பழத்தை நீரில் இருக்கும் வாளைமீன் கவ்வுகிறது. அப்படிப்பட்ட ஊருக்கு உரியவன் தலைவன். பழம் தலைவன், வாளை பரத்தை என்று பொருத்திவிட்டுப் போய்விடுவது எளிது. ஆனால் இதைச் சொல்பவள் யார்? தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தையே தலைவியின் பாங்காயினார், அதாவது அவள் பக்கத்தவர், கேட்கும்படி இதைச் சொல்கிறாள். ‘உகு’ என்ற வினை அவளுக்கு வேண்டியது: பழம் தானே விழுந்தது, நான் மரமேறிப் பறிக்கவில்லை. இதே காட்சியைத் தலைவி சொல்லியிருந்தால் ‘கதூஉம்’ என்ற வினைமேல் அழுத்தம் விழுந்திருக்கும்: என் வயலோரத்து மரத்தின் பழத்தை நீரில் கிடந்த மீன் கவ்விக்கொண்டது. காட்சி ஒன்று, வினைகள் இரண்டு, சொல்பவர் யாரோ அவருக்கேற்ற வினை பொருளாகிறது. இதே சிறிய பாட்டின் பின்பாதியில், மனைவிமுன் அவன் ‘ஆடிப் பாவை போல’, அதாவது கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போல, அவள் தூக்கத் தானும் கையும் காலும் தூக்குகிறான் என்று வெளிப்படையான உவமை ஒன்றையும் அவள் வீசுகிறாள். தன்னைக் காத்துக்கொள்ளும் இடத்தில் உள்ளுறை, அவனை இகழும் இடத்தில் வெளிப்படை என்று பிரித்து வைத்த புலவரின் நுட்பத்தை வியந்து முடியவில்லை.

பொருத்தம் ஒன்றைக்கூடச் சொல்லாத நீள் உருவகம் நம் காலத்துக்கு அருகில் பாரதியிடம் இருக்கிறது.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் – அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்
வெந்து தணிந்தது காடு – தழல்
வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ?

இந்தக் குஞ்சை விடுதலை என்பார்கள், ஞானம் என்பார்கள், கவிதை என்பார்கள். எதைச் சொன்னாலும் குஞ்சுக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டுக் காட்டைத் தொடாமல் போய்விடுகிறார்கள் என்பது என் குறை. ‘வெந்து தணிந்தது’ என்ற வினைகளுக்கு எழுவாய் காடு. நெருப்பு வென்றது என்று பாரதி சொல்லவில்லை. காடு வெந்து முடிந்து ஆறியது என்கிறார். விடுதலை என்று படிப்பவர் தணிந்த காடு எது என்று சொல்லவேண்டும். ஞானம் என்று படிப்பவர் ‘வீரம்’ அங்கே என்ன செய்கிறது என்று சொல்லவேண்டும். குஞ்சுக்கு ஏற்ற இடமாகப் பொந்தை அமைத்தவர், அதில் அதைக் கொண்டுபோய் வைத்தவராகத் தம்மையும் பாட்டுக்குள் நிறுத்தியிருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். வைத்தவர் ஒருவர் இருக்கும்போது அது தற்செயலாக மூண்ட தீ ஆகாது. தெரிந்தே வைத்த சிறு தீ, வேலை முடியும்வரை எரிந்து, எரிக்க ஒன்றும் மிஞ்சாதபோது அடங்கியது என்பதே எனக்குப் பாட்டின் வினைகள் தரும் பொருள். கேள்வியை அவர் கடைசியில் வைத்ததும் அதனால்தான்: காடு தணிந்ததைக் காட்டிவிட்ட பிறகே, குஞ்சுக்கும் மூப்புக்கும் வேறுபாடு உண்டோ என்று கேட்கிறார். அதற்கு மேல் சொல் இல்லை; ‘தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்’ என்று தாளம்தான்.